இரண்டு இரவுக்கு ஐரோப்பாவில் எந்த ஊர்? (லண்டனிலிருந்து, நவம்பரில், சைவச் சாப்பாடு)

#1 ஈஸ்ட்ஹாம்_வாசி

வணக்கம். நவம்பர் நடுவில் ஒரு வார இறுதி, இரண்டு இரவு மட்டும். நாங்கள் நால்வர்: நான் (பிரிட்டிஷ் பாஸ்போர்ட்), மனைவி (இந்தியப் பாஸ்போர்ட், இங்கே துணைவர் விசா), எட்டு வயது மகன் (பிரிட்டிஷ்), ஊரிலிருந்து அக்டோபரில் வரப்போகும் அம்மா (வயது 68, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம்). கிளம்புவது ஈஸ்ட் ஹாம். மலிவு டிக்கெட் எங்கே கிடைக்கிறதோ அங்கே போகலாமா, இல்லை ஊரை முதலில் முடிவு செய்துவிட்டு டிக்கெட் பார்க்கலாமா? மனைவி பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாமே என்கிறார்.

#2 தண்டவாளம்

டிக்கெட்டையும் முதலில் பார்க்க வேண்டாம், ஊரையும் வேண்டாம். முதலில் மணியைக் கணக்குப் போடுங்கள். உங்கள் வீட்டு வாசலில் கால் வைத்த நேரத்திலிருந்து ஹோட்டல் வாசலை மிதிக்கும் நேரம் வரை எத்தனை மணி என்று பாருங்கள். விமானம் பறக்கும் இரண்டு மணி நேரத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம்.

ஸ்டான்ஸ்டெட் வழியாக வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து விமான நிலையம் ஒன்றேகால் மணி. இரண்டு மணி நேரம் முன்னாலேயே அங்கே இருக்க வேண்டும். பறப்பது இரண்டேகால். இறங்கிய பிறகு பாஸ்போர்ட் வரிசை முக்கால் மணி, அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் அதற்கும் மேலே. ஊருக்குள் போக அரை மணி. ஆக ஆறே முக்கால். கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவதால் அதுவும் கையை விட்டுப் போகும். திரும்பும்போது ஏறக்குறைய இதே பாடு. இரண்டு நாள் பயணத்தில் ஒரு பகல் வரிசையிலேயே கழிகிறது.

கடலடிச் சுரங்கம் வழியாக ஓடும் யூரோஸ்டார் ரயிலில் பெல்ஜியத்தின் புருசெல்ஸ் போய், அங்கிருந்து அதே நாட்டின் கெண்ட்: ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைனில் வண்டி மாறாமல் கிங்ஸ் கிராஸ், 40 நிமிடம். அதை ஒட்டிய செயின்ட் பேங்க்ராஸ் நிலையத்தில் சோதனைக்கும் காத்திருப்புக்கும் ஒன்றேகால் மணி. ரயில் சுமார் இரண்டு மணி. புருசெல்ஸில் வண்டி மாற அரை மணி, கெண்டுக்கு அரை மணி, டிராமில் கால் மணி. மொத்தம் ஐந்து மணி பத்து நிமிடம்.

வட பிரான்சின் லீல் இன்னும் சுருக்கம். ரயில் ஒன்றரை மணிக்குள். நிலையத்திலிருந்து பழைய நகரத்துக்கு நடந்தே போகலாம். மூன்றரை மணியில் ஹோட்டலில் இருப்பீர்கள்.

இன்னொன்று. பிரெஞ்சு எல்லைச் சோதனை செயின்ட் பேங்க்ராஸிலேயே முடிந்துவிடும். அங்கே போய் இறங்கியதும் வரிசை கிடையாது, நேரே நடையைக் கட்டலாம். 68 வயது முழங்காலுக்கு இது பெரிய விஷயம்.

#3 மேகத்துக்கு_மேலே

தண்டவாளம் சொல்லும் கணக்கு சரி, ஆனால் விமானத்தை மொத்தமாக ஒதுக்க வேண்டாம். நிலையத்துக்கும் ஊருக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும்.

கோபன்ஹேகனில் மெட்ரோ முனையத்துக்குள்ளேயே வந்து நிற்கிறது. கால் மணியில் ஊர் நடுவே, இரவு முழுக்க ஓடும். லிஸ்பனிலும் போர்ட்டோவிலும் மெட்ரோ உண்டு, நேரமும் லண்டன் நேரமே, அந்த ஒரு மணி மிச்சம். மாலகாவில் புறநகர் ரயில் பன்னிரண்டு நிமிடம். ஜெனீவாவில் ரயில் ஏழு நிமிடம். இத்தாலியின் போலோனியாவில் மார்க்கோனி எக்ஸ்பிரஸ் என்ற ஒற்றைத் தண்டவாள வண்டி, 2020-இல் தொடங்கியது, ஏழெட்டு நிமிடத்தில் மத்திய ரயில் நிலையத்தில் விடும்.

ஊர் பெயரை ஒட்டிக்கொண்டு தூரத்தில் இருக்கும் நிலையங்கள்தான் ஆபத்து. பாரிஸ் பொவே பாரிஸிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். புருசெல்ஸ் சார்லெரோவா சுமார் 50. ஸ்டாக்ஹோம் ஸ்காவ்ஸ்டா சுமார் 100. பிராங்க்ஃபர்ட் ஹான் 120. டிக்கெட் 15 பவுண்டு என்று ஆசை காட்டும், பஸ் ஒன்றரை மணி நேரம் ஓட்டும்.

நவம்பருக்கு வெளிச்சத்தையும் பாருங்கள். மாத நடுவில் கோபன்ஹேகனில் மாலை நாலுக்கே சூரியன் விழுந்துவிடும். கெண்ட், போலோனியா ஐந்துக்குச் சற்று முன். ஸ்பெயினின் செவியாவில் ஆறுக்கு மேல். காலையில் பத்துக்குக் கிளம்புகிற குடும்பம் என்றால் கோபன்ஹேகனில் பார்ப்பதற்கு ஆறு மணி நேரம்தான் வெளிச்சம்.

#4 விசா_விளக்கு

ஊரைப் பேசும் முன் விசா. இரண்டு பேருக்கு வேண்டும், அதிலும் இருவருக்கும் வழி வேறு.

மனைவி: லண்டனிலேயே விண்ணப்பிக்கலாம். ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, விண்ணப்பம் வாங்கும் விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. நீங்கள் பிரிட்டிஷ் குடிமகன் என்பதால் அவருக்குச் சலுகை எதுவும் இல்லை, அது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களின் குடும்பத்துக்கு மட்டும். அவருடைய இங்கிலாந்து விசா, பயணம் முடிந்த நாளிலிருந்து குறைந்தது மூன்று மாதமாவது மீதி இருக்க வேண்டும். வசிப்பு அட்டை போய் இணையத்தில் இருக்கும் இ-விசா வந்துவிட்டதால், அதை மற்றவருக்குக் காட்டும் பகிர்வுக் குறியீடு எடுத்து அச்சிட்டு வையுங்கள், அது 90 நாளில் காலாவதியாகும். காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடும் இருக்க வேண்டும்.

அம்மா: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பார்வையாளர் விசாவில் லண்டன் வந்த பிறகு, இங்கிருந்து ஷெங்கன் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். சட்டப்படி அவரவர் வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பம். சுற்றிப் பார்க்க வந்தவரின் விண்ணப்பத்தை இங்கே பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். ஆகவே அவர் சென்னையில் இருக்கும்போதே போட வேண்டும். லண்டன், கெண்ட், மீண்டும் லண்டன் என்ற வழியை ஒரு கடிதத்தில் தெளிவாக எழுதி, ரயில் டிக்கெட், ஹோட்டல் பதிவு, உங்கள் அழைப்புக் கடிதம் எல்லாம் இணையுங்கள். அவருடைய இங்கிலாந்து விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று படித்துப் பாருங்கள்.

முடிவு வழக்கமாக 15 நாளில், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை. ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கஷ்டம் முடிவில் இல்லை, அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதில்தான். அதனால் ஊரை முடிவு செய்யும் முன் எந்த நாட்டின் மையத்தில் இடம் இருக்கிறது என்று பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் போகாத நாட்டின் பெயரில் விசா வாங்காதீர்கள். தங்கும் இரவு எந்த நாட்டில் அதிகமோ அந்த நாட்டில்தான் விண்ணப்பம்.

#5 ஈஸ்ட்ஹாம்_வாசி

அம்மா விஷயம் தெரியாமல் இருந்தது, நல்ல வேளை. இரண்டு சந்தேகம். பெல்ஜியம் விசாவை வைத்துக்கொண்டு செயின்ட் பேங்க்ராஸில் பிரெஞ்சு அதிகாரியிடம் நின்றால் பிரச்சினை வருமா? பாரிஸும் ஆம்ஸ்டர்டாமும் சேர்த்தால் என்ன ஆகும்? மனைவிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

#6 விசா_விளக்கு

முதல் கேள்விக்கு: வராது. ஷெங்கன் விசா எந்த உறுப்பு நாட்டின் எல்லையிலும் செல்லும். எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்பார்கள், ஹோட்டல் பதிவைக் கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்காமல் காகிதத்தில் வைத்திருங்கள். 2025 அக்டோபர் 12-இல் தொடங்கிய புதிய நுழைவுப் பதிவு முறையில் முதல் தடவை விரல் ரேகையும் முகப்படமும் எடுப்பார்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கும் அது உண்டு. விசாவுக்காக ஏற்கெனவே ரேகை கொடுத்தவர்களுக்கு முகப்படம்தான் முக்கியம். பன்னிரண்டு வயதுக்குக் கீழே ரேகை கிடையாது, படம் மட்டும். முதல் முறை போகிறவர்கள், செயின்ட் பேங்க்ராஸுக்குத் தண்டவாளம் சொன்ன ஒன்றேகால் மணியை ஒன்றரையாக வைத்துக்கொள்ளுங்கள்.

#7 தண்டவாளம்

இரண்டாவது கேள்விக்கு: பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் ரயிலில் மூன்றரை மணிக்குச் சற்றுக் குறைவு. அது மட்டும் என்றால் பரவாயில்லை. காலையில் பெட்டி கட்டுவது, அறையைக் காலி செய்வது, நிலையம் போவது, இறங்கியதும் மாலை மூன்று மணி வரை அறை தயாராகாமல் பெட்டியோடு அலைவது, எல்லாம் சேர்ந்து சனிக்கிழமைப் பகல் காணாமல் போகும். மீதி ஒரு பகல். அதை இரண்டாகப் பிரித்தால் எந்த ஊரும் நினைவில் நிற்காது. ஆம்ஸ்டர்டாமில் அறை வாடகைமேல் 12.5 சதவீதம் சுற்றுலா வரி வேறு.

இரண்டு இரவுக்கு ஓர் ஊர். அந்த ஊரும் நடந்தே முடியும் அளவில் இருக்க வேண்டும். ஹோட்டலிலிருந்து கால் மணி நடையில் முக்கால்வாசி இடம் வந்துவிட்டால், மதியம் அம்மா அறையில் ஒரு மணி நேரம் படுத்து எழுந்து மறுபடி வரலாம். பாரிஸில் அது நடக்காது, மெட்ரோப் படிக்கட்டே அவரைக் களைக்க வைத்துவிடும்.

உங்கள் நால்வருக்கு என் பட்டியலில் இருப்பது லீல், கெண்ட் இரண்டே. மழைக்காலத்துக்குப் போலோனியா மூன்றாவது.

#8 லாச்சப்பல்_தம்பி

லீல் எண்டால் சில விசயம் கவனியுங்கோ அண்ணை. அங்க ரெண்டு ஸ்டேசன் இருக்கு: லீல் யூரோப், லீல் ஃப்ளாந்ர். யூரோஸ்டார் வாறதும் போறதும் யூரோப்பில. ரெண்டுக்கும் நடுவில நடந்தா ஆறேழு நிமிசம்தான், ஆனா திரும்பி வரேக்க ஃப்ளாந்ருக்குப் போய் நிண்டு ரயிலைத் தவறவிடுற ஆக்கள் கனபேர். லண்டனில இருந்து லீலில நிக்கிற ரயில் ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான். ஒண்டை விட்டால் அடுத்ததுக்குக் கன நேரம்.

வியேய் பூர்ஸ் எண்ட பழைய வணிகக் கட்டடம் 1650களில கட்டினது. உள் முற்றத்தில பழைய புத்தகம் விக்கினம், சதுரங்கம் விளையாடினம். ஞாயிறு காலமை வசெம் சந்தை. பிள்ளைக்கு ரூபேயில இருக்கிற லா பிசீன் காட்டுங்கோ. பழைய நீச்சல் குளத்தை அருங்காட்சியகமா மாத்தி 2001இல திறந்தவை, தண்ணி இன்னும் நடுவில கிடக்கு, ரெண்டு பக்கமும் சிலையள். மெட்ரோவில அரை மணிக்குள்ள. திங்களில பூட்டு.

நவம்பர் 11 பிரான்சிலயும் பெல்ஜியத்திலயும் பொது விடுமுறை. அதை ஒட்டின வார இறுதியெண்டால் அறை விலை ஏறும். மாத நடுவுக்கு அங்கால லீலில கிறிஸ்மஸ் சந்தை துடங்கும், அப்பவும் விலை கூடும்.

பாரிஸ்தான் வேணும் எண்டு அக்கா நிண்டால், யூரோஸ்டார் வாற கார் து நோர்ட் ஸ்டேசனுக்குக் கிட்டவே அறை எடுங்கோ. எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லா சப்பல் பத்து நிமிச நடை, அம்மாவுக்கு இட்லி, தோசை, மரக்கறிச் சாப்பாடு எல்லாம் அங்க கிடைக்கும், மாணிக்கப் பிள்ளையார் கோயிலும் கிட்ட. சாப்பாட்டுக் கவலை முழுக்கத் தீரும். நடைக் கவலை மட்டும் இருக்கும்.

#9 மரக்கறிக்_கூடை

சைவம் என்று சொன்னதால் இதை விரிவாக எழுதுகிறேன். இந்த ஊர்களில் பார்த்தால் சைவமாகத் தெரிந்து உள்ளே அசைவமாக இருப்பவைதான் சிக்கல்.

பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் உருளைக்கிழங்கு வறுவல். இரண்டு முறை பொரிப்பார்கள், முதலில் மிதமான சூட்டில் வேக, பிறகு கடும் சூட்டில் மொறுமொறுக்க. பாரம்பரியமாக அந்தக் கொப்பரையில் இருப்பது மாட்டுக் கொழுப்பு. கடைப் பலகையில் அதைப் பெருமையாகவே எழுதியிருப்பார்கள். கெண்டில் ‘ப்ளாண்டார்தகே ஓலி?’ என்று கேளுங்கள், தாவர எண்ணெயா என்று பொருள். ‘ஓசெவிட்’, ‘ருண்ட்வெட்’ என்ற சொல் காதில் விழுந்தால் அடுத்த கடை. சில கடைகளில் எண்ணெய் தாவரம்தான், ஆனால் அதே கொப்பரையில் இறைச்சி உருண்டையும் பொரிக்கும். அம்மா அதையும் பார்ப்பவர் என்றால் அதையும் கேட்டுவிடுங்கள்.

போலோனியா போனால் பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம் தட்டையே மாற்றும். தொர்த்தெல்லீனி சிறியது, உள்ளே பன்றி இறைச்சி, அதையும் இறைச்சிச் சாற்றில் மிதக்க விடுவார்கள். தொர்த்தெல்லோனி பெரியது, உள்ளே ரிகோட்டா பாலாடை (சீஸ்), மேலே வெண்ணெயும் சேஜ் இலையும். அம்மாவுக்கு இரண்டாவது. பியாதீனா ரொட்டி சப்பாத்தி மாதிரி இருக்கும், மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுதான் வழக்கம். ஆலிவ் எண்ணெயில் செய்ததைக் கேட்டு வாங்கலாம். பார்மிஜானோ பாலாடையில் கன்றின் வயிற்று நொதி உண்டு, கண்டிப்பானவர்கள் அதையும் தவிர்க்க வேண்டும்.

சைவத்துக்கு இந்தப் பட்டியலில் எளிதான ஊர் கெண்ட். 2009 முதல் வியாழக்கிழமையைச் சைவ நாளாக நகராட்சியே ஊக்குவித்து வந்த ஊர். அதன் பயன் மற்ற நாளிலும் தெரிகிறது, சாதாரண உணவகத்திலும் சைவத் தட்டு இருக்கும். ஞாயிறு இரவு பல கடை மூடியிருக்கும், அதைச் சனிக்கிழமையே விசாரித்து வையுங்கள்.

#10 மேகத்துக்கு_மேலே

போலோனியாவுக்கு ஒரு வார்த்தை. நவம்பர் மழைக்கு அதைவிட ஏற்ற ஊர் கிடையாது. நகரம் முழுக்கத் தூண் வரிசைக்கு மேல் கூரை போட்ட நடைபாதை, எல்லாம் சேர்த்து 62 கிலோமீட்டர். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. குடை விரிக்காமல் கடைக்கும் கோயிலுக்கும் போய் வரலாம். தரை சமம், கல் பாவிய மேடு பள்ளம் குறைவு. முழங்காலுக்கு கெண்டைவிட இது நல்லது என்றே சொல்வேன்.

தடங்கல் இரண்டு. அந்த ஊர் இருக்கும் போ என்ற ஆற்றின் சமவெளியில் நவம்பர் முதல் ஜனவரி வரை அதிகாலை மூடுபனி கட்டும், விமானம் தாமதமாகும், சில நாள் வேறு ஊரில் இறக்குவார்கள். மதிய விமானம் பாதுகாப்பு. அடுத்தது சாய்ந்த கோபுரம் கரிசெந்தா. அதன் நிலை மோசமானதால் 2023 அக்டோபரில் பக்கத்து அசினெல்லி கோபுரத்தையும் சேர்த்து மூடினார்கள். 498 படி ஏறும் ஆசையோடு போகாதீர்கள். செப்டம்பர் கடைசியில் தரை, சுவர் ஓடுகளுக்கான கண்காட்சி, வசந்தத்தில் சிறார் புத்தகக் கண்காட்சி, அப்போது அறை விலை கண்ணைக் கட்டும். நவம்பரில் அந்த இரண்டும் இல்லை.

#11 தண்டவாளம்

தரை விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். கெண்டில் பழைய நகரம் முழுக்க உருண்டைக் கல். உருளும் பெட்டி தடதடவென்று இழுபடும், மெல்லிய அடி கொண்ட செருப்பு போட்டால் பாதம் எரியும். ஆனாலும் போலோனியாவுக்குப் போக வர ஆகும் மூன்று மணி அதிக நேரத்தை நவம்பரில் கொடுக்க மனம் வரவில்லை.

#12 லேய_கரை

கெண்ட் போவதாக இருந்தால் வரிசையாகச் சொல்கிறேன்.

புருசெல்ஸில் மூன்று பெரிய நிலையம். நீங்கள் இறங்குவது மிடி. பலகையில் பிரெஞ்சில் மிடி என்றும் டச்சில் ஸாய்ட் என்றும் இருக்கும், இரண்டும் ஒன்றே. கெண்டுக்கும் அப்படித்தான், டச்சில் ‘ஹென்ட்’, பிரெஞ்சில் ‘கான்’. புருசெல்ஸ் பலகையில் இரண்டு மொழியும் மாறி மாறி வருவதால் ரயிலே இல்லை என்று பதறுவார்கள். ப்ரூஜ், ஓஸ்டெண்டே பக்கம் போகும் ரயில்களில் பெரும்பாலானவை கெண்டில் நிற்கும். டிக்கெட்டை முன்பதிவு செய்யத் தேவையில்லை, உள்நாட்டு ரயிலில் இருக்கை எண் கிடையாது, எந்த வண்டியிலும் ஏறலாம். ஆனால் ஏறுவதற்கு முன் வாங்கிவிடுங்கள், வண்டிக்குள் கூடுதல் கட்டணம். மிடியில் பைத் திருட்டு உண்டு, பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

இறங்க வேண்டியது சிந்த் பீட்டர்ஸ். டாம்போர்ட் என்று இன்னொரு நிலையம் இருக்கிறது, அதுவல்ல. ஊர் நடு இரண்டரை கிலோமீட்டர் தள்ளி, டிராமில் கோரென்மார்க்ட் போங்கள், வங்கி அட்டையைத் தட்டினால் போதும். அறையை நிலையத்தருகே எடுக்காதீர்கள். விலை குறைவுதான், ஆனால் மதிய ஓய்வுக்குத் திரும்ப முடியாது.

முக்கியமானது சிந்த் பாஃப் தேவாலயத்தில் வான் ஐக் சகோதரர்களின் பலிபீட ஓவியம், 1432-இல் முடிந்தது. நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே வாங்குங்கள். ஞாயிறு காலை வழிபாடு, அதனால் பார்வையாளருக்குப் பிற்பகல் ஒன்றுக்குத்தான் திறப்பார்கள். இது தெரியாமல் ஞாயிறு காலையை அதற்கு ஒதுக்கிவிட்டு வாசலில் நிற்பவர்கள் ஒவ்வொரு வாரமும் உண்டு. சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு இடது கீழ்மூலைப் பலகையைக் காட்டுங்கள். ‘நீதி தவறாத நடுவர்கள்’ என்ற அந்தப் பலகை 1934-இல் திருடு போய் இன்று வரை கிடைக்கவில்லை, இருப்பது நகல். நடுவில் உள்ள ஆட்டுக்குட்டியின் முகத்தையும் பாருங்கள். பிற்காலத்துப் பூச்சை நீக்கியபோது அடியிலிருந்து மனிதப் பார்வை கொண்ட முகம் வெளிவந்தது, இரண்டு கண்ணும் நம்மை நேராகப் பார்க்கும். மறுசீரமைப்பு பகுதி பகுதியாக நடப்பதால், எந்தப் பலகை இடத்தில் இருக்கிறது என்று டிக்கெட் வாங்கும்போதே பாருங்கள்.

கிராவென்ஸ்டேன் கோட்டை 1180-ஆம் ஆண்டுக் கட்டடம். குறுகிய சுழல் படிக்கட்டு, அம்மாவுக்கு வேண்டாம். நீங்களும் மகனும் போய் வரும் ஒன்றரை மணி நேரத்தில் அவர்கள் இருவரும் கீழே காபிக் கடையில் உட்காரலாம். மணிக்கூண்டில் லிஃப்ட் உண்டு, ஆனால் முதல் தளம் வரை படி ஏற வேண்டும். அம்மாவுக்கு ஏற்றது கிராஸ்லே துறையிலிருந்து புறப்படும் படகு, சுமார் முக்கால் மணி, கூரை போட்டதாகப் பார்த்து ஏறுங்கள். ஞாயிறு காலை கௌட்டர் சதுக்கத்தில் பூச்சந்தை, அது அவருக்குப் பிடிக்கும்.

ஐந்து மணிக்கே இருட்டிவிடுமே என்று கவலைப்பட வேண்டாம். கெண்டில் நகர விளக்குத் திட்டம் என்று தனியாக வகுத்து, கட்டட முகப்பு ஒவ்வொன்றுக்கும் மிதமான ஒளி அமைத்திருக்கிறார்கள். சிந்த் மிகியேல் பாலத்தில் நின்றால் மூன்று கோபுரமும் வரிசையாகத் தெரியும். அதை இருட்டிய பிறகுதான் பார்க்க வேண்டும்.

#13 ஈஸ்ட்ஹாம்_வாசி

முடிவு செய்துவிட்டோம், கெண்ட். மனைவிக்கும் சம்மதம். வெள்ளி மாலை ரயில் விலை அதிகமாக இருக்கிறது. சனி அதிகாலை போய் திங்கள் மாலை திரும்பலாமா? பெல்ஜியப் பாலாடை வாங்கி வரலாமா?

#14 தண்டவாளம்

திங்கள் பெரிய அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும், மகனுக்குப் பள்ளியும் போகும். விலை வித்தியாசம் நான்கு பேருக்கும் சேர்த்து ஓர் இரவு அறை வாடகையைவிடக் குறைவு என்றால் வெள்ளி மாலையே போங்கள், சனிக்கிழமை காலை முழுதாகக் கைக்கு வரும்.

திரும்பும்போது பெல்ஜியச் சோதனை, இங்கிலாந்துச் சோதனை இரண்டும் மிடியிலேயே. கதவு ரயிலுக்கு முப்பது நிமிடம் முன் அடைபடும். ஞாயிறுகளில் பாதைப் பராமரிப்பு அடிக்கடி நடப்பதால் கெண்டிலிருந்து, நீங்கள் தேவை என்று நினைக்கும் ரயிலுக்கு முந்தைய ரயிலில் ஏறுங்கள். யூரோஸ்டாரில் கடைசி வண்டியை எடுக்காமல் அதற்கு முந்தியதை எடுங்கள், ஏதாவது ரத்தானால் அன்றிரவே வேறு வண்டி இருக்கும். பெல்ஜிய ரயில் வேலைநிறுத்தம் அறிவித்தால் பயப்பட வேண்டாம், எந்த வண்டி ஓடும் என்ற மாற்று அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுவார்கள்.

பாலாடை கூடாது. கோமாரி நோய் காரணமாக 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பால் பொருளும் இறைச்சியும் சொந்த உபயோகத்துக்குக் கூடக் கொண்டுவரத் தடை போட்டார்கள். கிளம்பும் வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சாக்லேட், ரொட்டி, பிஸ்கட் கொண்டு வரலாம்.

#15 விசா_விளக்கு

அம்மாவின் விண்ணப்பத்தை அவர் லண்டன் விமானம் ஏறும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். பாஸ்போர்ட் மையத்தில் மாட்டிக்கொண்டால் லண்டன் பயணமே தள்ளிப்போகும். இருவர் விசாவும் கைக்கு வரும் வரை, மாற்றவோ ரத்து செய்யவோ முடிகிற ஹோட்டல் பதிவை மட்டும் வையுங்கள்.